மலையைப் பார்க்கவும் காசா?

சென்ற நோன்புப் பெருநாள் விடுமுறையில் நாங்கள் குடும்பத்தோடு தம்பதென்னைக்குப் போனோம். அப்புத்தளை நகரிலிருந்து தேயிலை மலைகளின் இடுப்பைச் சுற்றி வளைந்து செல்லும் அந்த ஒடுங்கிய பாதையில் அன்று வேன்களும் முச்சக்கர வண்டிகளும் வரிசை வரிசையாக நின்றன. 1890இல் கட்டப்பட்ட தேயிலைத் தொழிற்சாலையைக் கடந்து மேலும் ஏழு கிலோமீற்றர் அளவு ஏறினால், தோமஸ் லிப்டன் தம் தோட்டங்களை அமர்ந்து பார்த்ததாகச் சொல்லப்படும் ‘லிப்டன் சீட்’ வரும். வழியில் டிக்கட் கொடுக்கும் இடத்தில் வண்டி நின்றது. வாப்பா பணத்தை எடுத்தபோது பின் ஆசனத்திலிருந்த உம்மும்மா கேட்டார்:

“மலையப் பாக்கவும் காசா? அந்தக் காலத்துல நாங்க சும்மாதானே வந்து பாத்துட்டுப் போனோம்.”

எல்லோரும் சிரித்தோம். யாரும் பதில் சொல்லவில்லை. மாலையில் இறங்கி வரும்போது, பாதையோரத்தில் ஒரு பெண் உரச் சாக்கொன்றை இழுத்துக்கொண்டு, வெற்றுப் போத்தல்களையும் லஞ்ச் சீட்டுகளையும் பொறுக்கிக்கொண்டிருந்தார். உம்மும்மா வெகுநேரம் அவரையே பார்த்துவிட்டு இன்னொரு கேள்வி கேட்டார்:

“அந்தப் புள்ளைக்கு யாரு சம்பளம் குடுக்குறா?”

முதல் கேள்விக்கான பதில் இந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது என்று பின்னர் எனக்குத் தோன்றியது. பொது இடங்களைப் பார்க்க வருவோரிடம் கட்டணம் வாங்குவது சரியா, அந்தப் பணம் என்ன வேலை செய்ய வேண்டும், யாருக்கு அது பாரமாகிறது என்பவற்றை இக்கட்டுரையில் பார்ப்போம்.

பார்ப்பதால் மலை தேயுமா?

ஒரு காட்சியை ஆயிரம் பேர் பார்த்தாலும் அது குறைவதில்லை. ஆனால் அந்தக் காட்சியைப் பார்க்க ஆயிரம் பேர் நடந்து வரும் பாதை தேய்கிறது.

அது நடக்கும் விதம் இதுதான். முதலில் காலடி பட்ட இடத்தில் புல் செத்துப்போகிறது. புல்லின் வேர் பிடித்திருந்த மண் இறுகிப் பலகைபோல் ஆகிறது. இறுகிய மண்ணுக்குள் மழைநீர் இறங்காது. பாதையையே ஓடையாக்கிக்கொண்டு மேலிருந்து கீழே ஓடும். ஓடும் நீர் மண்ணை அரித்துப் பள்ளமாக்கும். அடுத்து வருபவர் சேற்றில் கால் வைக்க விரும்பாமல் ஓரமாக நடப்பார். ஓரத்துப் புல்லும் சாகும். ஓரடிப் பாதை சில வருடங்களில் ஐந்தடிப் பாதையாகிவிடும். இதைத் தடுக்கக் கல்படி வேண்டும், வடிகான் வேண்டும், வருடந்தோறும் அவற்றைத் துப்புரவு செய்ய ஆட்கள் வேண்டும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் நடந்ததை மறக்காத ஊவா மக்களுக்கு, சரிவில் இறங்கும் தண்ணீரின் வலிமையை எவரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்தது மலசலகூடம். வீட்டில் ஐந்து பேர் பாவிக்கும் மலசலகூடத்தையே நாள்தோறும் கழுவுகிறோம். ஞாயிற்றுக்கிழமை நூற்றுக்கணக்கானோர் பாவிக்கும் ஒன்றுக்கு மலையுச்சியில் தண்ணீர் ஏற்ற வேண்டும், கழிவுக்குழியை நேரத்துக்கு வெறுமையாக்க வேண்டும். பெண்பிள்ளைகளோடு பயணம் போகும் எந்தத் தாயும் முதலில் தேடும் வசதியும் இதுதான்.

மூன்றாவது குப்பை. நாம் கொண்டுபோகும் சோற்றுப் பார்சலும் யோகட் கோப்பையும் மலையேறும்போது பாரமாக இருக்கின்றன. வெறுமையானதும் பலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். அவற்றை யாரோ ஒருவர் பொறுக்கி, யாரோ ஒருவருடைய வாகனத்தில் ஏற்றி, கீழே கொண்டுவர வேண்டும். நம் மாவட்ட எல்லைக்கு அப்பாலுள்ள ஹோர்ட்டன் சமவெளியில் நுழைவாயிலிலேயே பைகளைத் திறந்து பார்த்துப் பொலித்தீனை அகற்றிவிடுவார்கள். ஒஹியா வழியாகப் போனவர்களுக்கு இது தெரிந்திருக்கும். அங்குள்ள மரைகள் சாப்பாட்டு வாசனை பட்ட பொலித்தீனை விழுங்கி நோயுறுவதும் இறப்பதும் உண்டு. எனவே அந்தச் சோதனை வெறும் சம்பிரதாயமல்ல.

செலவை யார் ஏற்பது?

இப்படிப்பட்ட செலவை மூன்று வழிகளில் ஏற்கலாம். அரசாங்கம் எல்லோருடைய வரிப்பணத்திலிருந்தும் கொடுக்கலாம். வந்து பார்ப்பவரிடமே ஒரு பங்கை வாங்கலாம். இரண்டும் இல்லாவிட்டால், அந்த இடமும் அதன் அருகில் வாழ்பவர்களும் அந்தச் செலவைச் சுமப்பார்கள். மூன்றாவது வழிக்கு டிக்கட் இல்லாததால் அது இலவசம்போலத் தெரிகிறது. உண்மையில் அதன் விலை அடைபட்ட வடிகானாகவும், நாறும் ஓடையாகவும், லயத்து வாசலில் வந்து சேரும் குப்பையாகவும் செலுத்தப்படுகிறது.

நமது பகுதியில் கட்டணம் வாங்கும் இடங்கள் பல வகையின. ஹோர்ட்டன் சமவெளி அரசாங்கத்துக்கு உரியது. ஏறத்தாழ 3,160 ஹெக்டயர் பரப்புள்ள இவ்விடம் 1969இல் இயற்கை ஒதுக்கிடமாகவும், 1988இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது. 2010இல் இலங்கை மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்தது. வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் அங்கே டிக்கட் கொடுக்கிறது. உள்நாட்டவருக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டவருக்கு அதைவிடப் பன்மடங்கு கூடிய கட்டணம்.

பதுளைக்கு அருகிலுள்ள துன்ஹிந்த நீர்வீழ்ச்சிக்கு ஒரு கிலோமீற்றருக்கு மேல் நடந்துதான் போக வேண்டும். அந்த நடைபாதைக்கும் டிக்கட் உண்டு. லிப்டன் சீட் இருப்பது தோட்டத்துக்குள். அப்புத்தளையிலுள்ள அடிஷாம் பங்களாவோ இவை எல்லாவற்றிலிருந்தும் வேறுபட்டது. சேர் தோமஸ் வில்லியர்ஸ் கட்டி 1931இல் நிறைவு செய்த அந்தக் கல்வீடு இன்று பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். அவர்கள் கட்டணம் வாங்குகிறார்கள். அத்தோடு வார இறுதி, போயா தினம், பாடசாலை விடுமுறை ஆகிய நாட்களில் மட்டுமே பொதுமக்களை அனுமதிக்கிறார்கள். மற்ற நாட்களில் அந்த வீடும் தோட்டமும் ஓய்வெடுக்கின்றன.

பெட்டியில் விழுந்த பணம் எங்கே போகிறது?

டிக்கட் வாங்கும்போது நாம் பெரும்பாலும் கேட்காத கேள்வி இது. இங்கேதான் கட்டணத்தின் நியாயமும் அநியாயமும் பிரிகின்றன.

அரசாங்கத் திணைக்களம் ஒன்று திரட்டும் பணத்தை எடுத்துக்கொள்வோம். நமது அரசியலமைப்பின் 149ஆம் உறுப்புரையின்படி, சட்டத்தால் குறித்த ஒரு நோக்கத்துக்கென ஒதுக்கப்படாத அரச வருமானம் யாவும் ‘திரட்டு நிதியம்’ என்ற ஒரே நிதியத்தில் சேர வேண்டும். அதிலிருந்து நாட்டின் எந்தச் செலவுக்கும் பணம் போகலாம். ஆகவே, சட்டம் வேறுவிதமாக ஏற்பாடு செய்யாவிட்டால், மலையில் கொடுத்த காசு மலைக்கே திரும்பி வரும் என்பதற்கு உத்தரவாதமில்லை. உள்ளூராட்சி மன்றம் வாங்கும் கட்டணம் அந்த மன்றத்தின் நிதியில் சேரும். தனியார் இடத்தில் வாங்குவது உரிமையாளரின் கைக்குப் போகும்.

அமெரிக்காவில் இந்தப் பிரச்சினை நெடுங்காலம் விவாதிக்கப்பட்டு, 2004இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. தேசிய பூங்காக்கள் போன்ற இடங்களில் திரட்டப்படும் பொழுதுபோக்குக் கட்டணத்தில் பொதுவாக நூற்றுக்கு 80 வீதத்துக்குக் குறையாத பகுதி, அது திரட்டப்பட்ட இடத்திலேயே செலவாக வேண்டும் என்று அச்சட்டம் சொல்கிறது. 16 வயதுக்குக் குறைந்தவர்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்குவதையும் அது தடை செய்கிறது. அங்குள்ள வனச்சேவை, எந்த வசதியும் செய்துகொடுக்காத காட்டுவெளியில் வெறுமனே நடந்து போவதற்குக் கட்டணம் கேட்க முடியாது. அதாவது, மக்களுக்குப் பயன்படும் ஏதாவது ஒன்றைச் செய்துவிட்டுத்தான் கையை நீட்டலாம்.

தோட்டப் பகுதிகளுக்கு இந்தக் கேள்வி இன்னும் முக்கியமானது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் பிரதேச சபை தன் நிதியைச் செலவிட்டு வேலை செய்வதற்கு நீண்ட காலம் தடையாக இருந்தது. தோட்ட மக்களும் வாக்களித்தார்கள்; ஆயினும் அவர்களுடைய லயத்துப் பாதைக்குச் சபையின் கல்லும் மண்ணும் வரவில்லை. 2018இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. ஆகவே தோட்டத்துப் பாதை வழியாக வரும் சுற்றுலாப் பயணியை, தம் வாசலுக்கு ஒரு பாதை போடச் சட்டத்தையே மாற்ற வேண்டியிருந்த மக்களின் ஊருக்குள் நுழைபவராகவே நாம் பார்க்க வேண்டும். கொழுந்துக் கூடையோடு பெண்கள் ஒதுங்கி நின்று நம் வேனுக்கு வழிவிடுகிறார்கள். நாம் கொடுக்கும் டிக்கட் காசில் அவர்களுடைய பாதையின் ஒரு குழியாவது மூடப்படுகிறதா என்பது நாம் கேட்க வேண்டிய கேள்வி.

கட்டணம் வைத்தால் கூட்டம் குறையுமா?

கட்டணத்துக்கு இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, பராமரிப்புக்குப் பணம் சேர்ப்பது. மற்றொன்று, கூட்டத்தைக் குறைப்பது. இரண்டையும் ஒரே டிக்கட் செய்துவிடும் என்று நினைப்பது பிழை.

இத்தாலியின் வெனிஸ் நகரம் 2024 ஏப்ரல் 25 முதல், குறித்த சில நாட்களில் காலையில் வந்து மாலையில் திரும்பும் பயணிகளிடம் 5 யூரோ வாங்கத் தொடங்கியது. நகரவாசிகளுக்கு விலக்கு. பணம் சேர்ந்தது, ஆனால் கூட்டம் எதிர்பார்த்தபடி குறையவில்லை என்ற விமர்சனம் எழுந்தது. விமானச் சீட்டுக்குப் பெருந்தொகை கொடுத்தவர் 5 யூரோவுக்காகத் திரும்பிப் போவாரா?

பூட்டான் நேர்மாறான வழியில் சென்றது. வெளிநாட்டுப் பயணியிடம் ஓர் இரவுக்கு 65 டொலராக இருந்த கட்டணத்தை 2022 செப்டெம்பரில் 200 டொலராக உயர்த்தியது. பயணிகள் மிகவும் குறைந்ததும், அடுத்த ஆண்டே அதை 100 டொலராக இறக்கியது. பெரிய கட்டணம் கூட்டத்தைக் குறைக்கும். அதோடு விடுதிக்காரர், சாரதி, கடைக்காரர் ஆகியோரின் வருமானத்தையும் குறைத்துவிடும்.

தமிழ்நாட்டின் நீலகிரியும் கொடைக்கானலும் நமது மலைகளைப் போன்றவை. அங்கே சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமானது. 2025 ஏப்ரல் தொடக்கம், கோடை விடுமுறைக் காலத்தில் நீலகிரிக்குச் சாதாரண நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று எல்லையும் வகுக்கப்பட்டது. அந்தப் பாஸுக்குப் பெரிய விலை கிடையாது. அவர்கள் வாகனங்களை எண்ணி, ஓர் எல்லைக்கு மேல் நிறுத்தினார்கள்.

இவற்றிலிருந்து ஒன்று தெளிவாகிறது. சிறிய கட்டணம் பராமரிப்புக்கு உதவும். கூட்டத்தைக் கட்டுப்படுத்த எண்ணிக்கையே வேண்டும். ஹோர்ட்டன் சமவெளியில் ‘உலக முடிவை’ முகில் மூடுமுன் பார்க்க வேண்டுமென்று எல்லோரும் விடியற்காலையிலேயே வந்து குவிகிறார்கள். அந்த நேர நெரிசலை டிக்கட்டின் விலையால் மட்டும் தீர்க்க முடியாது. யார் எத்தனை மணிக்கு நுழைவது என்று நேரம் பிரிப்பதே அதற்குப் பொருத்தமான வழி.

வாசலில் நின்றுவிடுபவர் யார்?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் இடத்துக்கு ஒருவருக்கு 100 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 500 ரூபா. கொழும்பிலிருந்து வேன் பிடித்து வந்தவருக்கு அது பெற்றோல் செலவில் ஒரு துளி. தோட்டத் தொழிலாளியின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும், 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. அந்த 1,350இல் 500 என்பது அப்போதைய ஒரு நாள் உழைப்பின் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். தன் பாட்டன் பாட்டி வெட்டிய பாதையில், தன் தாய் கொழுந்து பறிக்கும் மலைக்கு மேலே உள்ள காட்சியை ஒரு பிள்ளை பார்க்க முடியாமல் போனால், அந்த டிக்கட்டை நியாயமானது என்று எப்படிச் சொல்வது?

வெளிநாட்டவருக்கு வேறு விலை வைப்பதை அவர்களில் சிலர் குறை சொல்வார்கள். ஆனால் நாட்டு மக்கள் ஏற்கெனவே வரியாக ஒரு பங்கைக் கொடுத்திருக்கிறார்கள். அதே நியாயத்தை இன்னும் சற்று உள்ளே கொண்டுவந்தால், அவ்விடத்திலேயே வாழ்பவருக்கும் பாடசாலை மாணவருக்கும் கட்டணம் இல்லாமலோ மிகக் குறைவாகவோ இருக்க வேண்டும் என்பது தானாக விளங்கும்.

கட்டணமே பொருந்தாத இடங்களும் உண்டு. நாம் பாவா ஆதம் மலை என்றும் மற்றவர்கள் சிவனொளிபாதமலை, ஸ்ரீபாத என்றும் அழைக்கும் மலையில் டிசம்பர் முதல் மே வரை இலட்சக்கணக்கானோர் ஏறுகிறார்கள். அங்கே வழிபாட்டுக்காக ஏறும் ஏழைக் கிழவியை வாசலில் நிறுத்திக் காசு கேட்பதை யாரும் ஏற்கமாட்டார்கள். அத்தகைய இடங்களைப் பொதுப் பணமும் தொண்டர்களின் உழைப்புமே காக்க வேண்டும்.

விதியை யார் எழுதுவது?

எல்லோருக்கும் பொதுவான ஒன்றை எவரும் கவனிக்கமாட்டார்கள், அது அழிந்தே தீரும் என்று பல அறிஞர்கள் நம்பினார்கள். எலினோர் ஒஸ்ட்ரோம் என்ற அமெரிக்கப் பெண்மணி அதைச் சோதித்துப் பார்த்தார். சுவிட்சர்லாந்தின் மலை மேய்ச்சல் நிலங்கள், யப்பானின் கிராமக் காடுகள், ஸ்பெயினின் வாய்க்கால்கள் ஆகியவற்றை ஆராய்ந்த அவர், மக்கள் தாமே கூடி விதி வகுத்துப் பல நூற்றாண்டுகள் காத்த பொது இடங்கள் உண்டு என்று காட்டினார். 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசை வென்ற முதற் பெண் அவரே. நிலைத்து நின்ற இடங்களில் அவர் கண்ட பொதுவான பண்புகள் எளிமையானவை. விதியால் பாதிக்கப்படுவோர் விதியை வகுப்பதில் பங்கெடுத்தனர். கண்காணிப்பவர் அந்த மக்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருந்தார். மீறுபவருக்கு முதலில் சிறிய தண்டனையும், மீண்டும் மீறினால் பெரிய தண்டனையும் இருந்தன.

இதை நம் மலைக்குப் பொருத்திப் பார்ப்போம். டிக்கட் கொடுக்கும் இடத்தில் ஒரு பலகை இருக்கட்டும். சென்ற மாதம் எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு சேர்ந்தது, துப்புரவுக்கு எவ்வளவு, பாதைக்கு எவ்வளவு என்ற நான்கு வரிகள் அதில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்பட்டிருந்தால் போதும். உம்மும்மாவின் கேள்விக்கு அந்தப் பலகையே பதில் சொல்லிவிடும். கட்டணத்தைத் தீர்மானிக்கும் கூட்டத்தில் அந்தத் தோட்டத்தைச் சேர்ந்த ஒருவராவது, அதுவும் ஒரு பெண், அமர்ந்திருக்க வேண்டும்.

பலகை இல்லாவிட்டால் நாம் கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், அரசாங்கத் திணைக்களங்களிடமும் உள்ளூராட்சி மன்றங்களிடமும் இத்தகைய விபரங்களைக் கோரும் உரிமையை ஒவ்வொரு பிரசைக்கும் தந்திருக்கிறது. கோரிக்கை கிடைத்ததும் தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவைத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். நம் வகுப்பில் குடியியல் பாடத்துக்காக எத்தனையோ மாதிரிக் கடிதங்கள் எழுதுகிறோம். பெற்றோரின் ஒப்பத்தோடு ஓர் உண்மையான கடிதத்தை எழுதிப் பார்க்கலாம்: “சென்ற வருடம் சேர்ந்த நுழைவுக் கட்டணம் எவ்வளவு? அதில் இவ்விடத்தின் பராமரிப்புக்குச் செலவானது எவ்வளவு?”

அத்தோடு நம் பங்கும் இருக்கிறது. டிக்கட் வாங்கிவிட்டோம், இனிக் குப்பை போடலாம் என்று நினைப்பவர் உண்டு. கட்டணம் என்பது பாதையைப் பேணுவதில் நாம் கொடுக்கும் சிறு பங்கு மாத்திரமே. சோற்றுப் பார்சலை வீட்டுச் சட்டியில் எடுத்துப் போவதும், வெறும் போத்தலைத் திரும்பக் கொண்டுவருவதும் எந்தக் கட்டணத்தாலும் வாங்க முடியாதவை.

அன்று இரவு வீடு வந்து சேர்ந்ததும் உம்மும்மாவிடம் கேட்டேன்: “உம்மும்மா, அடுத்த பெருநாளைக்கும் போனா டிக்கட் காசு குடுக்கலாமா?”

அவர் சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: “குடுப்போம். ஆனா அந்தப் புள்ளைகிட்ட எறங்கிக் கேக்கணும், ஒனக்குக் கெடைக்குதா மகளேன்னு.”